ஆடிய மரமும் கட்டிய மரமும்

ஒரு தெருவோரத்தில் இரண்டு மரங்கள். ஒன்று, விழா எடுத்து நட்ட கன்று. நர்சரியில் பாலித்தீன் பைக்குள் ஆளுயரம் வளர்ந்து வந்தது. நட்ட அன்றே பக்கத்தில் மூங்கில் கழி ஊன்றி, அடியிலிருந்து நுனிவரை நான்கைந்து இடங்களில் இறுக்கிக் கட்டினார்கள். சுற்றிலும் இரும்புக் கூண்டு. கோடையில் தண்ணீர் லாரி நின்று ஊற்றிவிட்டுப் போனது. மற்றொன்று, சற்றுத் தள்ளி மதிற்சுவர் ஓரமாகக் காகம் போட்ட விதையில் முளைத்த வேம்பு. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆடு கடித்தது. பந்து விளையாடிய பிள்ளைகள் மிதித்தார்கள். ஆடி மாதக் காற்று அதைத் தரையோடு படுக்கவைத்து எழுப்பியது.

மூன்று ஆண்டுகள் கழித்து மூங்கில் மட்கி முறிந்தது. கட்டிய கன்று இடுப்பு ஒடிந்ததுபோல் சாய்ந்தது. வேம்பு நின்றது.

இந்தக் காட்சியைக் காணாத ஊர் அபூர்வம். காரணம் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். வேம்பு நாட்டு மரம், அதனால் உறுதி என்பார் ஒருவர். விழுந்த இடத்திலேயே முளைத்ததால் அதன் ஆணிவேர் அறுபடாமல் இறங்கியிருக்கும் என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரே இனம், ஒரே மண், ஒரே தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, ஒரு கன்றைக் கட்டியும் ஒன்றைக் கட்டாமலும் வளர்த்தாலும் இதே வேறுபாடு வருகிறது. அப்படியானால் கழியும் கயிறும் அந்தக் கன்றிடமிருந்து எதையோ பறித்திருக்கின்றன. அது என்ன?

ஒரே திசையில் ஆடிய ஆப்பிள் மரம்

இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே விடையின் ஒரு நுனி கிடைத்துவிட்டது. இங்கிலாந்தின் ஹெர்ஃபர்ட்ஷயர், ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன பகுதி. அங்கே வாழ்ந்த தாமஸ் ஆண்ட்ரூ நைட் பழமரங்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். பின்னாளில் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். மரத்துக்குள் சாறு எப்படிக் கீழே இறங்குகிறது என்பது அவரைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி. அதற்காக அவர் செய்த சோதனையை 1803-இல் வெளியிட்டார்.

ஏறத்தாழ ஓர் அங்குலப் பருமனுள்ள இளம் ஆப்பிள் மரங்களை அவர் எடுத்துக்கொண்டார். சிலவற்றின் அடித்தண்டைக் கழியோடு சேர்த்துக் கட்டி, ஆடவிடாமல் செய்தார். சிலவற்றைக் காற்றின் போக்குக்கு விட்டார். ஆடிய தண்டு பருத்தது. கட்டிய தண்டு பருக்கத் தயங்கியது.

நைட் அத்தோடு நிற்கவில்லை. ஒரு மரத்தை வடக்கிலும் தெற்கிலும் மட்டும் சாயும்படி, கிழக்கு மேற்காக அசைய முடியாதபடி அமைத்தார். வளர்ந்தபின் அளந்து பார்த்தால் தண்டு வட்டமாக இல்லை, நீள்வட்டமாக இருந்தது. வடக்கு தெற்காக 13 பங்கு என்றால் கிழக்கு மேற்காக 11 பங்கு. எந்தத் திசையில் ஆடியதோ அந்தத் திசையில் மரம் கூடுதலாகக் கட்டையைச் சேர்த்திருந்தது.

ஆட்டம் சாற்றைக் கீழே தள்ளி உதவுகிறது, அதனால்தான் தண்டு பருக்கிறது என்று நைட் விளக்கம் சொன்னார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. அவர் எடுத்த அளவு நிலைத்தது.

பதின்மூன்றும் பதினொன்றும்

இரண்டு பங்கு வேறுபாடு பெரிதா? கட்டையைக் கையாளும் தச்சரிடம் கேட்டால் பெரிது என்பார். கூரைக்கு உத்தரம் வைக்கும்போது அதன் அகலப் பக்கத்தைப் படுக்கவைப்பதில்லை, நிமிர்த்தித்தான் வைப்பார்கள். அதே கட்டைதான். நிமிர்த்தி வைத்தால் சுமை தாங்கும், படுக்கவைத்தால் தொய்யும். வளைகின்ற திசையில் எவ்வளவு கனம் இருக்கிறது என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது.

நைட்டின் ஆப்பிள் தண்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கிழக்கு மேற்காக வளைப்பதைவிட வடக்கு தெற்காக வளைக்க ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் விசை வேண்டும். 13-க்கும் 11-க்கும் இடையிலுள்ள வேறுபாடு 18 சதவீதம்தான். ஆனால் விறைப்பில் அது இரட்டிப்புக்கு மேலாகத் தெரிகிறது.

வட்டமான தண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. சுண்டுவிரல் கனத்தில், 10 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு கன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அது 12 மில்லிமீட்டராகப் பருக்கிறது. கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத வளர்ச்சி. இதற்காக அது சேர்த்த கட்டை, முன்பிருந்ததில் 44 சதவீதம். ஆனால் வளையாமல் எதிர்க்கும் விறைப்போ இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது. ஒடிவதற்குத் தேவையான விசையும் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிட்டது. இதற்குக் காரணம், புதிய கட்டை முழுவதும் தண்டின் வெளிவிளிம்பில் சேர்வதுதான். வளையும் எந்தப் பொருளிலும் நடுப்பகுதி சும்மா இருக்கும், விளிம்புதான் இழுபடும், நசுங்கும். சைக்கிள் சட்டத்தை உள்ளே வெற்றிடமான குழாயாகச் செய்கிறார்களே, அதற்கும் இதுவே காரணம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உயரம் கூடக்கூட, உச்சியைத் தள்ளும் காற்று அடித்தண்டை நெம்பும் வலிமையும் கூடுகிறது. ஆகவே காற்றில் நிற்க வேண்டிய மரத்துக்கு இரண்டு வழிகள் உதவும். ஒன்று பருப்பது, மற்றொன்று உயரத்தைக் குறைத்துக்கொள்வது. மரங்கள் இரண்டையும் செய்கின்றன.

முப்பது வினாடி உலுக்கல்

இதைச் சோதிக்கக் காற்றுகூட வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் நீல், ஹாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கண்ணாடிக் குடிலுக்குள் ஸ்வீட்கம் மரக்கன்றுகளை வளர்த்தார்கள். சில கன்றுகளை நாள்தோறும் 30 வினாடி மட்டும் கையால் உலுக்கினார்கள், மற்றவற்றைத் தொடவில்லை. 1971-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பானது. உலுக்கப்பட்ட கன்றுகள் உயரத்தில் வளர்ந்த அளவு, உலுக்கப்படாதவை வளர்ந்ததில் 20 முதல் 30 சதவீதம்தான். நாளின் 24 மணி நேரத்தில் அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1973-இல், ஒஹாயோவைச் சேர்ந்த மார்க் ஜாஃபி இந்த நிகழ்வுக்குத் ‘திக்மோமார்ஃபோஜெனிசிஸ்’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ‘திக்மா’ என்றால் தொடுதல். தமிழில் இதைத் ‘தீண்டல் வடிவாக்கம்’ எனலாம். பீன்ஸ், பார்லி, வெள்ளரி, ஆமணக்கு முதலிய செடிகளின் தண்டை அவர் விரலால் மெல்ல நீவிவிட்டார். நீவப்பட்டவை குட்டையாகின. பீன்ஸின் தண்டு நீள்வது, நீவிய சில நிமிடங்களிலேயே மந்தப்பட்டது.

தொட்டாச்சிணுங்கியைத் தொட்டால் இலை மூடுவதைப் பார்த்து ஒவ்வொரு குழந்தையும் வியக்கிறது. மற்ற செடிகளும் தொடுதலை உணரத்தான் செய்கின்றன. அவற்றின் பதில் இலையை மடக்குவதில் வெளிப்படாமல் வாரக்கணக்கில் தண்டின் வடிவத்தில் எழுதப்படுகிறது. ஜப்பானிய உழவர்கள் பார்லி, கோதுமை நாற்றுகளைக் குளிர்காலத்தில் காலால் மிதித்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதற்கு ‘முகிஃபுமி’ என்று பெயர். மிதிபட்ட பயிர் நெடுநெடுவென்று ஓங்காமல், தூர்கட்டி உறுதியாக நிற்கும் என்பது அவர்கள் பட்டறிவு.

வெறும் தண்ணீர் எழுப்பிய மரபணுக்கள்

செடிக்கு நரம்பு இல்லை, மூளை இல்லை. பின் எது உணர்கிறது? விடைக்கான கதவு தற்செயலாகத் திறந்தது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேனட் பிராம், ரொனால்ட் டேவிஸ் இருவரும் அரபிடாப்சிஸ் என்னும் செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி அது. வளர்ச்சி ஊக்கி ஒன்றைத் தெளித்தால் எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்பதே அவர்கள் தேடியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில செடிகளுக்கு வெறும் தண்ணீரைத் தெளித்தார்கள். ஊக்கி பட்ட செடிகளில் சில மரபணுக்கள் வேகமாக இயங்கின. தண்ணீர் பட்ட செடிகளிலும் அதே மரபணுக்கள் அதே வேகத்தில் இயங்கின. வேலையைச் செய்தது ஊக்கி இல்லை, துளிகள் இலையில் விழுந்த அடி. விரலால் தொட்டாலும், காற்று பட்டாலும் அவை விழித்தன. பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் சிலவற்றின் இயக்கம் நூறு மடங்குவரை கூடியது. 1990-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பில், அந்த மரபணுக்களுக்கு ‘டச்’ என்றே பெயர் கிடைத்தது.

அவற்றில் ஒன்று கால்மோடுலின் என்னும் புரதத்துக்கு உரியது. செல்லுக்குள் கால்சியம் நுழைவதைக் கண்டறிந்து மற்றவற்றுக்குச் சேதி சொல்வது அதன் பணி. நிகழும் வரிசை இப்படி: தண்டு வளைகிறது, செல்லின் சவ்வு இழுபடுகிறது, சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவுக்கும் இதில் பங்கு உண்டு. மல்லிகை எண்ணெயில் முதலில் பிரித்தறியப்பட்டதால் மல்லிகையின் ஆங்கிலப் பெயரையே தாங்கிநிற்கும் ஜாஸ்மோனேட் என்ற பொருளுக்கும் உண்டு. ஜாஸ்மோனேட்டை உண்டாக்க முடியாத அரபிடாப்சிஸ் செடிகளை எத்தனை முறை தொட்டாலும் அவை குட்டையாவதில்லை என்று ஜேனட் பிராமின் குழு பின்னர் காட்டியது.

மரப்பட்டைக்கு அடியில்

சிறு செடியிலிருந்து மரத்துக்கு வருவோம். மரப்பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய உயிருள்ள படலம் ஒன்று தண்டு முழுவதையும் சுற்றியிருக்கிறது. கேம்பியம் என்று பாடநூல்கள் சொல்வதை இங்கே ‘வளர்படை’ என்று அழைப்போம். உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் பெருக்குவது அதுதான். காற்றில் தண்டு வளையும்போது எந்த இடம் அதிகமாக இழுபடுகிறதோ அல்லது நசுங்குகிறதோ அங்கே வளர்படை வேகம் எடுக்கிறது. மரத்தில் அந்த இடம் பெரும்பாலும் அடித்தண்டு. ஊர்ப்பொதுவில் தனித்து நிற்கும் புளியமரம் அடியில் பருத்து மேலே சிறுத்திருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. அதே புளியை நெருக்கமான தோப்புக்குள் வைத்தால், ஒளிக்காக ஓங்கி, காற்றைப் பக்கத்து மரங்களோடு பகிர்ந்துகொண்டு, ஒல்லியாக வளரும்.

ஆஸ்திரேலியாவில் எம். ஆர். ஜேக்கப்ஸ் 1954-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகக் காட்டுகிறது. மான்டரே பைன் மரங்களை அவர் கம்பிகளால் இழுத்துக் கட்டி ஆடாமல் நிறுத்தினார். கட்டுக்குக் கீழே, அசையாத பகுதியில், பருமன் கூடுவது குன்றிப்போனது. ஒரே மரம், ஒரே வேர், ஒரே உணவு. இருந்தும் ஆடாத பகுதிக்குக் கட்டையின் பங்கு குறைந்தது.

ஆட்டத்தின் சேதி வளைந்த இடத்தோடு நிற்பதுமில்லை. பிரான்சில் ஒரு குழு, நீர் நிறைந்த நுண்குழல்கள் கொண்ட செயற்கைக் கிளைகளைச் செய்து வளைத்துப் பார்த்தது. உண்மைக் கிளைகளிலும் அதையே செய்தது. வளைத்த கணத்தில் உள்ளேயிருந்த நீரின் அழுத்தம் எகிறியது. 2017-இல் வெளியான இந்த முடிவு, காற்று ஒரு கிளையை வளைத்த சேதி நீரழுத்தமாக மரத்தின் வேறு பகுதிகளுக்கு விரைந்து போக முடியும் என்பதைக் காட்டுகிறது.

நிரந்தரமாகச் சாய்ந்துவிட்ட மரம் வேறொரு வித்தை செய்கிறது. பைன் போன்ற ஊசியிலை மரங்கள் சாய்வின் அடிப்பக்கத்தில் தனிவகைக் கட்டையை வளர்த்துத் தண்டை மேலே உந்துகின்றன. அகன்ற இலை மரங்களில் பெரும்பாலானவை சாய்வின் மேல்பக்கத்தில் இன்னொரு வகைக் கட்டையை வளர்த்து, கயிற்றால் இழுப்பதுபோல் தண்டை நிமிர்த்தப் பார்க்கின்றன. இவற்றை ‘எதிர்வினைக் கட்டை’ என்பார்கள். மர அறுவை மில்லில் அறுத்துப் போட்ட துண்டில் வளையங்கள் ஒருபக்கம் அகன்றும் மறுபக்கம் நெருங்கியும், நடுப்புள்ளி ஓரமாக ஒதுங்கியும் இருந்தால், அந்த மரம் சாய்ந்து நின்று போராடியதற்கு அது சான்றாக இருக்கலாம்.

எல்லாக் காற்றுக்கும் பதில் இல்லை

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. காற்று எந்நேரமும் வீசுகிறது. ஒவ்வோர் அசைவுக்கும் மரம் கட்டை சேர்த்துக்கொண்டிருந்தால் இலைக்கும் காய்க்கும் விதைக்கும் சத்து ஏது?

மரங்கள் தேர்ந்தெடுத்தே பதில் சொல்கின்றன. பிரான்சின் கிளர்மோன் ஃபெராண்டில் இளம் பாப்லர் கன்றுகளை ஆய்வாளர்கள் வளைத்துப் பார்த்தார்கள். முதல் வளைப்புக்குத் தண்டு வலுவாகப் பதில் சொன்னது. அடுத்தடுத்த நாட்களில் அதே வளைப்பைத் திரும்பத் திரும்பச் செய்தபோது பதில் தேய்ந்துகொண்டே போனது. ஏறத்தாழ ஒரு வாரம் சும்மா விட்டால் பழைய உணர்வு மீண்டது. வழக்கமான காற்றுக்கு மரம் பழகிவிடுகிறது என்பது இதன் பொருள்.

காட்டில் வளர்ந்த பீச் மரங்களில் நடந்து 2016-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வும் அதையே உறுதிசெய்தது. நாள்தோறும் வீசும் மென்காற்றை அம்மரங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எப்போதோ ஒருமுறை வந்து கடுமையாக வளைத்துவிட்டுப் போகும் காற்றுக்குத்தான் பருமன் கூட்டின. மரத்தைச் சாய்க்கக்கூடியதும் அந்தக் காற்றுதான்.

சுருளும் இலை, ஊசலாடும் கிளை

வளர்ச்சி மெதுவான பதில். புயல் வரும் இரவில் அது உதவாது. அந்த நேரத்துக்கு மரத்திடம் வேறு உத்திகள் இருக்கின்றன.

காற்றின் வேகம் இரட்டித்தால் அசையாத பலகையின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். மரம் பலகை இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் வோகல் காற்றுச் சுரங்கத்துக்குள் பலவகை இலைகளை வைத்துப் படம்பிடித்தார். காற்று ஏறஏற, டூலிப் மரத்தின் அகன்ற இலை விளிம்புகளை மடக்கிக்கொண்டு, வெற்றிலையைச் சுருட்டுவதுபோல் கூம்பாகச் சுருண்டது. பல சிற்றிலைகள் கொண்ட கூட்டிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருளைபோல் ஆயின. காற்றுக்குக் காட்டும் முகம் சிறுத்தது, இழுவிசை குறைந்தது. கிளைகளும் காற்றின் போக்கில் மடங்கிக்கொள்வதால், நெகிழும் மரத்தின் மேல் விசை நான்கு மடங்காக ஏறுவதில்லை.

கிளைகளின் இரண்டாவது பணி இன்னும் நுட்பமானது. தைவானின் தைபே 101 கட்டடத்தின் மேல்தளங்களுக்கிடையே 660 டன் எடையுள்ள எஃகு உருண்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்றில் கட்டடம் ஒருபக்கம் அசையும்போது உருண்டை பின்தங்கி எதிர்ப்பக்கம் ஊசலாடி, அசைவை அடக்குகிறது. மரத்தில் அந்த உருண்டையின் வேலையைக் கிளைகள் செய்கின்றன. ஆஸ்திரேலியாவின் கென் ஜேம்ஸ் மரங்களில் கருவிகளைப் பொருத்தி, காற்றில் அவை ஆடுவதை அளந்தார். ஒவ்வொரு கிளையும் தனித்தனித் தாளத்தில் ஆடுவதையும், அந்த ஆட்டங்கள் ஒன்றையொன்று கலைத்துத் தண்டின் ஆட்டத்தைத் தணிப்பதையும் அவர் விளக்கினார். உள்கிளைகளையெல்லாம் வெட்டி, உச்சியில் மட்டும் கொண்டைபோல் தழை விட்டுவைத்த மரத்துக்கு இந்த ஊசல்கள் இல்லை. மின்கம்பிக்காக ஒருபக்கம் மட்டும் கழித்த மரத்தில் அவை சமநிலை இழந்து நிற்கின்றன.

மண்ணுக்குள் ஓர் இரும்பு உத்தரம்

காற்றின் சேதி வேர்வரை போகிறது. பிரிட்டனில் சிட்கா ஸ்புரூஸ், லார்ச் மரக்கன்றுகளைக் காற்றுச் சுரங்கத்துக்குள் ஒரே திசைக் காற்றில் வளர்த்தார்கள். 1995-இல் வெளியான முடிவின்படி, காற்று வரும் பக்கத்திலும் அது போகும் பக்கத்திலும் வேர்கள் கூடுதலாக வளர்ந்திருந்தன. காற்று வரும் பக்கத்து வேர்கள் கூடாரத்துக் கயிறுபோல் இழுத்துப் பிடிக்கின்றன. மறுபக்கத்து வேர்கள் முட்டுக்கொடுக்கின்றன.

சிட்கா ஸ்புரூஸின் பெரிய வேர்களைக் குறுக்கே அறுத்துப் பார்த்தபோது, அடுத்த ஆண்டு இன்னொரு வியப்பு வெளிவந்தது. பல வேர்கள் வட்டமாக இல்லை. மேலும் கீழும் கனத்து, நடுவில் ஒடுங்கி, கட்டடங்களில் போடும் இரும்பு உத்தரத்தின் வடிவில் இருந்தன. பொறியாளர்கள் கணக்குப் போட்டு அடைந்த வடிவத்தை, ஆடி ஆடியே அந்த வேர்கள் அடைந்திருக்கின்றன.

பருக்க முடியாத தென்னை

இதுவரை சொன்னதெல்லாம் வளர்படை உள்ள மரங்களுக்கு. தமிழ் நிலத்தின் இரண்டு முதன்மை மரங்களுக்கு அது இல்லை.

தென்னையும் பனையும் ஒருவித்திலைத் தாவரங்கள். நெல்லுக்கும் மூங்கிலுக்கும் உறவு. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. வைரத்துக்குப் பழைய சொல் காழ். பனை புறக்காழ் உடையது, தேக்கு அகக்காழ் உடையது. பனஞ்சட்டம் அறுத்தவர்களுக்குத் தெரியும்: வெளியே கருத்து இறுகிய வைரம், உள்ளே சோறு.

தென்னங்கன்று முதல் சில ஆண்டுகள் உயராமல் அடியிலேயே தன் பருமனைத் தேடிக்கொள்கிறது. பிறகு அந்தப் பருமனோடு மேலேறுகிறது. ஏறிய தண்டு பின்னர் வளையம் வளையமாகப் பருக்காது. கடும் வறட்சி ஆண்டில் தண்டு இடைசிறுத்துப் போனால் அந்த இடை மரத்தின் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். அப்படியென்றால் 60 அடி உயரத்தில் கொண்டையும் குலையும் தாங்கி எப்படி நிற்கிறது? பனைக் குடும்பத்து மரங்கள் பருக்காமலே இறுகுகின்றன. பழைய தண்டிலுள்ள நார்ச் செல்கள் ஆண்டுக்காண்டு சுவரைத் தடிப்பாக்கிக்கொள்கின்றன. அடித்தண்டின் வெளிப்புறம் மிகவும் இறுகுகிறது. விறைப்பு எங்கே அதிகம் தேவையோ அங்கேயே வைரம் ஏறுகிறது. அதோடு, நுனி மட்டைகள் காற்றில் ஒருபக்கமாக ஒதுங்கிக்கொள்ளும், தண்டு வில்லாக வளைந்து மீளும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது இந்த ஏற்பாடும் போதவில்லை. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. வேரோடு பெயர்ந்தவை உண்டு, நடுவில் முறிந்தவை உண்டு, கொண்டை திருகி அறுந்தவை உண்டு. காய்க்கும் மரத்தை இழந்த உழவருக்கு அடுத்த காய் பல ஆண்டுகள் தள்ளிப்போயிற்று.

மரம் தாங்கும் எல்லை

எந்தக் காற்றில் மரம் முறியும்? 2009 ஜனவரியில் கிளாஸ் என்ற புயல் பிரான்சின் தென்மேற்குப் பகுதியில் பரந்த காடுகளை அழித்தது. சேதத்தின் வரைபடத்தையும் காற்றுவேகத்தின் வரைபடத்தையும் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் ஒப்பிட்டார்கள். ஆய்வகத்தில் மரக்குச்சிகளையும் வளைத்து முறித்துப் பார்த்தார்கள். 2016-இல் அவர்கள் சொன்ன விடை: வினாடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர், அதாவது மணிக்கு 150 கிலோமீட்டர். அந்த வேகத்தைத் தாண்டினால், இனமும் உயரமும் எதுவானாலும், பெரும்பாலான தண்டுகள் முறிகின்றன. உயர்ந்த மரத்தைக் காற்று கூடுதலாக நெம்புகிறது, ஆனால் அது பருத்தும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழச் சரிக்கட்டிவிடுகின்றன.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலின் காற்று மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர் அளவில் வீசியது. அந்த எல்லையைவிட அது குறைவு. அப்படியும் நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. பெருங்கொன்றையும் குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் வேர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு சாலைகளில் கிடந்த படங்களை அந்த வாரச் செய்தித்தாள்களில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். தண்டு தாங்கினாலும் வேர் தாங்காவிட்டால் மரம் விழும். கேபிள் பள்ளத்துக்காக ஒருபக்க வேரை வெட்டிய மரம், அடியைச் சுற்றிச் சிமென்ட் பூசிய மரம், மழையில் ஊறிய மண்ணில் நிற்கும் மரம் ஆகியவை தண்டு முறியும் எல்லைக்கு நெடுந்தொலைவுக்கு முன்பே சாய்ந்துவிடுகின்றன.

தோப்பை அழித்து ஒன்றிரண்டு மரங்களை மட்டும் விட்டுவைத்தாலும் இதே ஆபத்து உண்டு. நெருக்கத்துக்குள் காற்றறியாமல் வளர்ந்த ஒல்லி மரம், ஒரே நாளில் வெட்டவெளிக்கு வந்துவிடுகிறது. புதிய காற்றுக்கேற்ற தண்டையும் வேரையும் கட்டிக்கொள்ள அதற்குச் சில ஆண்டுகள் வேண்டும்.

கயிற்றைத் தளர்த்தும்போது

காற்றே இல்லாமல் வளர்ந்தால் மரம் என்னாகும் என்பதற்கும் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ‘பயோஸ்ஃபியர் 2’ என்ற மாபெரும் கண்ணாடிக் கூடத்துக்குள், 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் அடைபட்டு வாழ்ந்து பார்த்தார்கள். உள்ளே காடு இருந்தது, மண் இருந்தது, மழை இருந்தது, காற்றின் வீச்சு இல்லை. மரங்கள் ஒல்லியாக ஓங்கி, தம் எடையையே தாங்க முடியாமல் தொய்ந்தன.

தெருவோரக் கன்றுக்கும் மூங்கில் கழி அதே கண்ணாடிக் கூடத்தைத்தான் கட்டிவைத்தது. நடும்போது கழியே கூடாது என்பதில்லை. பையில் வளர்ந்த கன்றின் வேர் புதுமண்ணைப் பற்றும்வரை, அடி அசைந்தால் இளவேர்கள் அறுந்துவிடும். அதைத் தடுக்க, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் ஒரே ஒரு கட்டு போதும். கழியைத் தண்டோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி ஊன்ற வேண்டும். கட்டுவதற்குப் பழைய துணிப்பட்டையோ சைக்கிள் டியூபோ எடுத்து, கழிக்கும் தண்டுக்கும் இடையே எட்டுப் போல் குறுக்கிட்டுத் தளர்வாகச் சுற்றினால் பட்டை தேயாது, மேல்தண்டும் தாராளமாக ஆடும். ஓராண்டில், அதிகம் போனால் இரண்டாண்டில், கழியைப் பிடுங்கிவிட வேண்டும். நடுவதற்கு முன்பு, பைக்குள் வட்டமடித்துச் சுருண்டிருக்கும் வேர்களைப் பிரித்துவிட்டால் அவை நாலாபக்கமும் ஓடிப் பிடிக்கும். ஆளுயரக் கன்றைவிட, முழங்கால் உயரத்தில் தடித்த தண்டுள்ள கன்று பல இடங்களில் நல்ல தேர்வு.

அப்படி நட்ட ஒரு புங்கன் கன்றின் கட்டுக்கயிற்றை ஆனி மாதக் கடைசியில் அவிழ்த்துவிட்டால், அடுத்த சில நாட்களில் ஆடிக் காற்று அதைத் தேடி வரும். கன்று மேற்கிலிருந்து கிழக்கே சாயும், எழும், மறுபடி சாயும். பார்க்கிறவருக்கு முறிந்துவிடுமோ என்று மனம் பதறும். அந்நேரம் அதன் பட்டைக்கு அடியில் நுண்வாயில்கள் திறந்து மூடிக்கொண்டிருக்கும், மரபணுக்கள் விழித்திருக்கும், அடித்தண்டின் மேற்கிலும் கிழக்கிலும் வளர்படை புதிய செல்களை அடுக்கத் தொடங்கியிருக்கும்.